தீவு வீட்டில் ஓய்வெடுக்க முதல்முறை போகிறவர்களுக்கு

வெப்பமண்டலத் தீவு ஒன்றில் சில நாள் ஓய்வெடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் பெரிய ரிசார்ட்டைத்தான். அதை விட்டுவிட்டு, தீவிலேயே குடியிருக்கும் ஒருவர் தன் வீட்டில் சில அறைகளை ஒதுக்கி, காலை உணவோடு வாடகைக்கு விடும் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் வீடுகளைப் பாருங்கள் என்பேன். அங்கே மொத்தமே நாலைந்து அறைகள்தான் இருக்கும். கூட்டமும் ஒலிபெருக்கியும் கிடையாது, எந்த நிகழ்ச்சிக்கும் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் இறங்கலாம், கடைசிப் படகு எப்போது என்று கேட்டால் பதில் சொல்ல, அந்தத் தீவை உள்ளங்கை போலத் தெரிந்த ஒருவர் கூடவே இருப்பார்.

ஆனால் இந்த மாதிரி வீட்டில் ஓய்வு தானாக வந்துவிடாது. அறை பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ள வேறு அறை காலியாக இருக்காது. மதியச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் அளவோடுதான் இருக்கும். அதனால் கிளம்புவதற்கு முன் நீங்கள் செய்யும் தேர்வுகள்தான் பாதி ஓய்வைத் தீர்மானிக்கின்றன. மீதிப் பாதி, போய்ச் சேர்ந்த பிறகு எவ்வளவு குறைவாகத் திட்டமிடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் மாதம், அப்புறம் தீவு

நிறையப் பேர் படம் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விடுமுறை கிடைக்கும் மாதத்தில் அங்கே போகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். உங்களுக்கு எந்த மாதம் ஓய்வு கிடைக்கிறது என்று பார்த்து, அந்த மாதத்தில் கடல் அமைதியாக இருக்கும் தீவைத் தேடுங்கள். வெப்பமண்டலத்தில் குளிர்காலம், கோடைகாலம் என்ற வித்தியாசம் குறைவு. மழைக்காலமா, வறண்ட காலமா, காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அட்லாண்டிக் பக்கம் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. செப்டம்பரில்தான் அது உச்சத்தில் இருக்கும். அந்த மாதங்களில் கரீபியன் போவதென்றால், தெற்கே தென் அமெரிக்கக் கரையை ஒட்டி இருக்கும் அரூபா, பொனேர், குராசோ தீவுகளுக்கு ஆபத்து குறைவு. பெரும்பாலான சூறாவளிகள் அவற்றுக்கு வடக்கேதான் கடக்கின்றன. மொரீஷியஸ், ரீயூனியன், ஃபிஜி, டோங்கா போன்ற தெற்கு அரைக்கோளத் தீவுகளில் கணக்கு தலைகீழ்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறக்குறைய 5 பாகைக்குள், புயல் உருவாவதே அரிது. பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றிவிடும் விசை அங்கே மிகவும் பலவீனம் என்பதே காரணம். ஆனால் புயல் இல்லை என்பதால் மழையும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு பருவங்கள் இருக்கும். தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிப்பும். கிழக்கே வளைகுடாவில் இருக்கும் கோ சாமுயில் கனமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. இலங்கையிலும் அப்படித்தான்: தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம், திருகோணமலைப் பக்கத்துக்கு மே முதல் செப்டம்பர் வரை. மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட வடகிழக்குப் பருவம். நாட்டின் பெயரை மட்டும் போட்டுத் தேடாமல், நீங்கள் தங்கப்போகும் கரையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

நல்ல பருவம் முடியும் தறுவாயிலோ, தொடங்கும் வாரங்களிலோ போவது என் விருப்பம். மதியம் ஒரு மழை பெய்துவிட்டு வெயில் திரும்பிவிடும், வாடகை குறையும், வீட்டுக்காரருக்கு உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். புயல் மாதத்தின் நடுவில் மட்டும், மலிவு என்பதற்காகப் போகாதீர்கள்.

தீவுக்குள் எந்தப் பக்கம்

மலை உள்ள தீவுகளில் இது மிக முக்கியம். வருடத்தின் பெரும்பகுதி ஒரே திசையிலிருந்து வீசும் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து மலையில் மோதுகிறது. மோதுகிற பக்கத்தில் மழையும் பசுமையும் பெரிய அலையும். மறுபக்கம் வறட்சி, வெயில், அமைதியான தண்ணீர். ஹவாயின் பெரிய தீவைப் பாருங்கள்: கிழக்கே ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதே தீவின் மேற்கே கோனா கரை காய்ந்து கிடக்கிறது.

நீந்துவதும் தண்ணீருக்குள் மீன் பார்ப்பதும்தான் நோக்கம் என்றால் காற்று மறைவான பக்கத்தில் வீடு பாருங்கள். நல்ல காற்றில் தூங்கி எழுந்து, படித்துக்கொண்டிருந்தால் போதும் என்றால் காற்று அடிக்கும் பக்கம்தான் சுகம். அங்கே ஏசி இல்லாமலேயே இரவு கழியும், பூச்சியும் குறைவாக இருக்கும். ஓய்வுக்கு என்று மட்டும் போகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். குளிக்க வேண்டுமானால் மறுபக்கக் கடற்கரைக்கு ஒரு காலை போய்வந்தால் சரி.

கரீபியனில் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி பெருமளவில் கரை ஒதுங்குகிறது, வசந்தகாலத்திலும் கோடையிலும் அதிகம். அழுகும்போது முட்டை கெட்ட வாடை வரும். அட்லாண்டிக்கைப் பார்த்த கரைகளில்தான் இது அதிகம் சேரும். அந்த மாதங்களில் போவதானால், இந்த வாரம் பாசி எப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரரையே கேளுங்கள்.

வீட்டைப் பிடிப்பது

படங்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கடல் தெரியும் பால்கனியை எல்லோரும் போடுகிறார்கள். படுக்கைக்கு மேலே மின்விசிறி இருக்கிறதா, சன்னலில் கொசுவலை இருக்கிறதா, எதிரெதிரே இரண்டு சன்னல் இருக்கிறதா என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே ஒரு சன்னல் உள்ள அறையில் காற்று ஓடாது.

தங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, நீங்கள் போகும் அதே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதை மட்டும் எடுத்துப் படியுங்கள். சத்தம், தூக்கம், தண்ணீர் அழுத்தம், கொசு ஆகிய சொற்கள் வருகின்றனவா என்று தேடுங்கள். ஒருவர் சொன்னால் அது அவர் அனுபவம். மூன்று பேர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் அது அந்த வீட்டின் இயல்பு.

அடுத்து, பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரருக்குச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தக் கடிதத்துக்கு வரும் பதில்தான் என்னைப் பொறுத்தவரை முழு ஏற்பாட்டிலும் மிக முக்கியமான தகவல். என்ன பதில் சொல்கிறார் என்பதோடு, எப்படிச் சொல்கிறார் என்பதும் தெரிந்துவிடும். கேட்க வேண்டியவை:

நீங்கள் அதே வீட்டில்தான் குடியிருக்கிறீர்களா, இல்லை வேறு யாராவது பார்த்துக்கொள்கிறார்களா? குளியலறை எனக்கு மட்டுமா, பகிர வேண்டியதா? மின்சாரம் நாள் முழுக்க இருக்குமா, ஜெனரேட்டர் எந்த நேரம் ஓடும், என் அறைக்கு அது எவ்வளவு தூரம்? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? விடியற்காலையில் என்ன சத்தம் கேட்கும்? காலை உணவு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன இருக்கும்? இரவுச் சாப்பாட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இடம் இருக்கிறதா, முன்கூட்டிச் சொன்னால் நீங்களே சமைத்துத் தருவீர்களா? கடற்கரைக்கு நடக்க எத்தனை நிமிடம், வழியில் ஏற்றமா, படிக்கட்டா?

விடியற்காலைச் சத்தத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். தீவு ஊர்களில் சேவல்கள் அவிழ்த்துவிடப்பட்டுத்தான் திரியும், வெளிச்சம் வருவதற்கு வெகுநேரம் முன்பே கூவ ஆரம்பித்துவிடும். சிலருக்கு அது சுகம், சிலருக்குத் தூக்கம் போய்விடும். நேர்மையாகப் பதில் சொல்லும் வீட்டுக்காரர் 'ஆமாம், சேவல் இருக்கிறது, பின்பக்க அறை தருகிறேன்' என்பார். அந்த வீட்டைப் பிடித்துவிடுங்கள். எல்லாக் கேள்விக்கும் 'ஒன்றும் பிரச்சினை இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தால் வேறு வீடு பார்ப்பது நல்லது.

உணவு ஒவ்வாமை, சைவம், மூட்டுவலி, இன்சுலின் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி, தூங்கும்போது மூச்சுக் கருவி என்று உங்களுக்கு ஏதாவது தேவை இருந்தால் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறைதான் சரக்குப் படகு வரும் தீவில், போன பிறகு கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ரத்து விதிகளை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். புயல் வந்து படகு நின்றுவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதியை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, அவசரத்தில் நோயாளியைப் பெரிய ஊருக்குத் தூக்கிப்போகும் செலவு அதில் அடங்குமா என்று பாருங்கள். சின்னத் தீவில் ஒரு மருத்துவ நிலையம்தான் இருக்கும். எலும்பு முறிந்தால்கூட வெளியே போக வேண்டிவரும். மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு வரிக்காகத்தான் காப்பீடு.

எத்தனை நாள்? ஒரே வீட்டில் நாலு இரவுக்குக் குறைவாகப் போகாதீர்கள். போன அலுப்பு தீரவே ஒரு நாள் ஆகும், கிளம்பும் யோசனையில் கடைசி நாள் போய்விடும். ஒரு வாரத்தில் மூன்று தீவு பார்க்கிற திட்டம் நல்ல சுற்றுலாவாக இருக்கலாம், அதில் ஓய்வு இருக்காது.

போய்ச் சேரும் வழி

விமானம் இறங்கும் நேரத்தையும் படகு கிளம்பும் நேரத்தையும் ஒட்டி ஒட்டிப் போடாதீர்கள். விமானம் தாமதமானால் படகு காத்திருக்காது. மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. மாலையில் வந்து இறங்குகிறவர்கள் தலைநகரப் பக்கம் ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். பெரும்பாலான சின்னத் தீவுகளில் இதே மாதிரி ஏதாவது ஒரு கடைசி நேரம் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பின்னோக்கித் திட்டமிடுங்கள். அவசரமாக ஓடி வந்து சேருகிறவருக்கு முதல் நாள் முழுக்கப் படபடப்பு அடங்காது.

சின்ன விமானங்களில் பெட்டியின் எடைக்கு வரம்பு குறைவு, பயணிகளையே எடை போடுவதும் உண்டு. படகில் வாந்தி வரும் உடம்பு என்றால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி, கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. ஆட்டம் குறைவான நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ உட்கார்ந்து, கைபேசியைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

ரொக்கம் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஏடிஎம் இல்லாத தீவுகள் உண்டு, இருந்தும் பணம் தீர்ந்துபோன தீவுகளும் உண்டு.

பெட்டியில் எதெல்லாம் வேண்டும்

குறைவாக எடுங்கள். பருத்தியில் தளர்வான உடைகள், ஈரம் சீக்கிரம் காயும் நீச்சலுடை இரண்டு, மாலையில் போட முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும். தொப்பி. பாறையில் நடக்க ரப்பர் செருப்பு. ஒரு டார்ச். அந்த நாட்டுக்குப் பொருந்தும் மின்செருகி. அங்கே மின்சாரம் 110 வோல்ட்டா, 220 வோல்ட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காதடைப்பான் ஒரு ஜோடி, சேவலுக்காக. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் தேவைக்கு மேல் சில நாளுக்கு, கைப்பையில்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி முதல் அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடைசெய்தது. பசிபிக் தீவு நாடான பலாவு அதற்கு ஒரு வருடம் முன்பே தடை கொண்டுவந்தது. அந்த இரண்டும் இல்லாமல் துத்தநாக ஆக்சைடு உள்ளதை வாங்கினால் பெரும்பாலும் கவலை இல்லை. அதைவிட நல்லது, தண்ணீரில் இறங்கும்போது முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்வது. முதுகு வெந்துபோனவரால் மல்லாந்து படுக்கக்கூட முடியாது. பல விடுமுறைகள் அந்த ஒரு மதியத்தோடு கெட்டுப்போகின்றன.

போய்ச் சேர்ந்த நாள்

எதுவும் செய்யாதீர்கள். வீட்டுக்காரர் வீட்டைச் சுற்றிக் காட்டுவார். அந்தப் பத்து நிமிடத்தை அவசரப்படாமல் அவரோடு செலவிடுங்கள். எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், மண் காலை எங்கே கழுவுவது, ஈரத் துண்டை எங்கே காயப்போடுவது, சாவியை எங்கே வைப்பது, இரவு எத்தனை மணிக்கு அவர்கள் படுப்பார்கள். அது ஒரு குடும்பத்தின் வீடு. அவர்களுடைய பழக்கத்தோடு நீங்கள் ஒத்துப்போனால் மீதி நாட்கள் எந்த உரசலும் இல்லாமல் போகும்.

அப்புறம் குளித்துவிட்டுத் தூங்குங்கள். குளிர்ந்த ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த வெப்பமும் ஈரப்பதமும் முழுசாகப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதாவது உங்கள் விடுமுறை முடிந்துவிடும். அதனால் பழகும்வரை காத்திருக்காமல், வெயிலுக்குத் தக்கபடி நாளை அமைத்துக்கொள்வதுதான் வழி. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள்.

மாலையில் கொஞ்ச தூரம் நடந்து வாருங்கள், டார்ச்சை எடுத்துக்கொண்டு. வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குவதால் அந்தி மிகச் சின்னது. மறைந்து அரை மணி நேரத்துக்குள் நன்றாக இருட்டிவிடும். தெருவிளக்கு இல்லாத பாதையில் புதியவர்கள் தடுமாறுவது இந்த நேரத்தில்தான்.

தண்ணீரைப் பற்றி

சுற்றிலும் கடல் இருக்கிற இடத்தில் நல்ல தண்ணீர் எவ்வளவு அரிது என்பது புதியவர்களுக்கு உடனே உறைப்பதில்லை. தாழ்வான பவளத் தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, உப்புநீரை விட எடை குறைவு என்பதால் அதன் மேலே மிதந்தபடி நிலத்தடியில் தேங்கி நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அது இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறிவரும் என்று யோசியுங்கள். அதிகமாக இறைத்தால் கிணறு உப்பாகிவிடும், திரும்ப இனிக்கப் பல மழைக்காலம் வேண்டும். இப்படி நிலத்தடி நீர் இல்லாத இடங்களில் கூரையில் பிடித்த மழைநீர், அல்லது நிறைய மின்சாரம் செலவழித்து உப்பு நீக்கிய கடல்நீர்.

ஆகவே சுருக்கமாகக் குளியுங்கள், சோப்பு போடும்போது குழாயை மூடுங்கள், துண்டைத் தினம் மாற்றச் சொல்லாதீர்கள். கடலில் குளித்துவிட்டு வந்ததும் தோட்டத்துக் குழாயில் மணலைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். அறையை விட்டு வெளியே போகும்போது ஏசியையும் விசிறியையும் அணையுங்கள். இதையெல்லாம் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார், ஆனால் கவனிப்பார்.

ஒரு நாளை எப்படி ஓட்டுவது

வெப்பமண்டலத்துக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது, அங்கே வாழ்கிறவர்கள் அதன்படிதான் நடக்கிறார்கள். விடியலில் எழுந்துவிடுங்கள். காற்று பல இடங்களில் அப்போதுதான் அடங்கியிருக்கும், கடல் தெளிவாக இருக்கும், மணல் சுடாது. நீந்துவது, நடப்பது, மீன் பார்ப்பது எல்லாம் காலை உணவுக்கு முன்போ, முடிந்த கையோடோ. பத்து மணிக்குப் பிறகு நிழல். உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். மேகம் மூடியிருந்தாலும் தோல் எரியும். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை படிப்பது, தூங்குவது, ஊஞ்சலில் கிடப்பது. நாலு மணிக்கு மேல் மறுபடி வெளியே.

காலை உணவுக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகை வீட்டின் சிறப்பே அந்த ஒரு மணி நேரம்தான். பக்கத்து அறைக்காரர்கள் நேற்று போன இடத்தைச் சொல்வார்கள், வீட்டுக்காரர் இன்றைய காற்றைச் சொல்வார், எந்தக் கடை இன்று திறக்காது என்பதும் அங்கேதான் தெரியவரும். பேசப் பிடிக்காத நாளில் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்து மூலைக்குப் போனால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.

ஒரு நாளைக்கு ஒரு வேலை, அதற்கு மேல் வேண்டாம். படகுப் பயணம் போனால் அன்றைக்கு அது மட்டும். நடுவில் ஒரு நாளை முழுக்க வெறுமையாக விடுங்கள். அந்த நாளில் சலிப்பு தட்டும், கை தானாகக் கைபேசியைத் தேடும். அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சலிப்போடு கொஞ்ச நேரம் இருங்கள். பெரும்பாலும் மதியத்துக்குள் அது கரைந்து, ஆழ்ந்த தூக்கம் வரும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள்.

ஊஞ்சல் கட்டும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்த்த தென்னைக்கு நேர் கீழே வேண்டாம். கரீபியன் கரைகளில் மாஞ்சினீல் என்ற மரம் இருக்கிறது, சின்ன ஆப்பிள் மாதிரி காய்க்கும். அதன் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே போதும், சொட்டும் நீர் எரிச்சல் தரும். சில இடங்களில் அந்த மரத்தில் சிவப்பு வளையம் பூசியிருப்பார்கள். இல்லாத இடத்தில் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.

கடலில் இறங்கும்போது

முதல் தடவை இறங்குவதற்கு முன் கரையில் நின்று கொஞ்ச நேரம் பாருங்கள். அலைகள் வரிசையாக உடையும் இடத்தில், நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால் அதில் இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் வேகமாகத் திரும்புகிறது. புதியவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று தேடிப்போவது சரியாக அந்த இடத்துக்குத்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தாதீர்கள், எவ்வளவு பலசாலியும் களைத்துவிடுவார். மிதந்தபடி மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீந்த முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

பெரும்பாலான தீவுகளில் கடல் மட்டத்துக்கு ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் என்பதால், தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். சில நாள் முன்பு நடந்துபோன மணல் திட்டில் அதே நேரத்துக்கு இன்று இடுப்பளவு தண்ணீர் இருக்கலாம். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிருள்ளது, உங்கள் காலையும் கிழிக்கும், அந்தக் காயம் ஆற நாளாகும். முள் உள்ள மீன் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை மூழ்கவைத்து, உடனே மருத்துவ நிலையத்துக்குப் போங்கள்.

ஆழ்கடல் டைவிங் செய்தால் விமானம் ஏறுவதற்கு முன் இடைவெளி வேண்டும். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18. ஒரு முழு நாள் விட்டுவிடுவது பாதுகாப்பு.

வெளியே மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவளப்பாறைப் பக்கம் வாழும் பெரிய மீன்களில், குறிப்பாக பாரகுடா போன்றவற்றில், சிகுவாடெரா என்ற நச்சு சேர்ந்திருக்கலாம். சமைத்தாலும் அது அழியாது, ருசியிலும் தெரியாது. இந்தக் கரையில் எந்த மீனைச் சாப்பிடலாம் என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

கொசுவும் மணல் பூச்சியும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் சாயங்காலத்திலும் அதிகமாக. அதனால் இரவு வலைக்குள் படுத்தால் மட்டும் போதாது. டீட் அல்லது பிகாரிடின் என்ற கொசுவிரட்டி மருந்து உள்ள பூச்சுதான் நம்பகமானது. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு அதன் மேல் கொசுப் பூச்சு. வாளியிலோ பூந்தொட்டித் தட்டிலோ தண்ணீர் தேங்கியிருந்தால் கவிழ்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து கூடும். வீட்டுக்குத் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் தீவுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்ணுக்கே தெரியாத மணல் பூச்சி வேறு. சதுப்புநிலக் காடு இருக்கிற கரைகளில், விடியலிலும் அந்தியிலும், காற்று நின்றுபோன நேரத்தில் வரும். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் நுழைந்துவிடும். அதற்குப் பறக்கும் வலு குறைவு, ஆகவே விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் அண்டாது.

மழை நாள்

ஒரு நாளாவது மழை வரும் என்று வைத்துக்கொண்டே போங்கள். தகரக் கூரையோ ஓலைக் கூரையோ உள்ள வீட்டுத் திண்ணையில் மழை பார்க்கக் கிடைப்பது தீவுப் பயணத்தின் மிக நல்ல பகுதிகளில் ஒன்று. கையில் ஒரு தடித்த புத்தகம், சீட்டுக்கட்டு இருந்தால் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே கேளுங்கள். அவர் கிளம்பச் சொன்னால் அன்றைக்கே கிளம்புங்கள். படகுகள் நின்ற பிறகு வழி இருக்காது.

கிளம்புவதற்கு முன்

கணக்கை முந்தின நாள் மாலையே முடித்துவிடுங்கள், காலை உணவு நிம்மதியாக இருக்கும். விடியற்காலைப் படகு என்றால் உணவைப் பொட்டலமாகக் கட்டித் தர முடியுமா என்று முன்னாலேயே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். நீச்சலுடையை முந்தின நாள் மதியத்தோடு காயப்போட்டு விடுங்கள்.

பவளத் துண்டு, பெரிய சங்கு, ராட்சதச் சிப்பி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். கல் பவளங்களும் ராட்சதச் சிப்பிகளும் கரீபியனின் ராணிச் சங்கும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பிடிபட நேரும். நீங்கள் கொண்டுவந்த பேட்டரி, காலி டப்பா, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முடிந்தவரை திரும்ப எடுத்துப்போங்கள். சின்னத் தீவில் குப்பையைக் கொட்ட இடம் கிடையாது.

ஊர் திரும்பியதும், நீங்கள் தேர்ந்தெடுக்கும்போது எந்தத் தகவலைத் தேடினீர்களோ அதையே உங்கள் கருத்தாக எழுதுங்கள்: எந்த மாதம், எந்த அறை, காற்று எப்படி, இரவு என்ன சத்தம், காலை உணவு எப்படி, கடற்கரைக்கு எவ்வளவு நடை. குறை ஏதாவது இருந்தால் அதை வீட்டுக்காரரிடம் நேரில், கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நாலு அறை வைத்திருப்பவரால் அதை அடுத்த வாரமே சரிசெய்ய முடியும். மறுபடி அங்கேயே போகும் எண்ணம் இருந்தால் அறையை நேரடியாக அவரிடமே கேளுங்கள். முன்பதிவுத் தளத்துக்குப் போகும் தரகுத் தொகை மிச்சமாவதால் வாடகையிலும் கொஞ்சம் குறைத்துத் தருவார், காற்று வரும் அந்தப் பின்பக்க அறையையும் உங்களுக்கென்று ஒதுக்கி வைப்பார்.